பொறுப்பேற்ற பிறகு யாரிடம் கேட்பது? யாழ்ப்பாணத்தின் புதிய சுகாதார நிர்வாகிகளுக்கு ஓர் ஒப்பீடு

பொறுப்பேற்கும் நாளில் எல்லாம் கைமாறும். சாவிக்கொத்து, இருப்புப் பதிவேடு, மருந்துக் களஞ்சியக் கணக்கு, வாகன ஓட்டப் புத்தகம், காசுப்பெட்டி. போகிறவரும் வருகிறவரும் பக்கம் பக்கமாகக் கையெழுத்து வைப்பார்கள். பின்னேரத் தேநீரோடு சடங்கு முடிந்துவிடும். அடுத்த நாள் காலையிலிருந்து வரப்போகும் கேள்விகளை யாரிடம் கொண்டுபோவது என்பது மட்டும் அந்தப் பட்டியல் எதிலும் இருக்காது.

யாழ்ப்பாண மாவட்டத்தில் முதன்முதலாக நிர்வாகப் பொறுப்புக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்: பிரதேச வைத்தியசாலையின் பொறுப்பு வைத்தியர், சுகாதார வைத்திய அதிகாரி, விடுதிப் பொறுப்புச் சிஸ்டர், மேற்பார்வை பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) போன்றவர்கள். வழிகாட்டியாக யாரை வைத்துக்கொள்ளலாம்? மேலதிகாரியையா, ஓய்வு பெற்ற பெரியவரையா, கூட வேலை செய்பவர்களையா, லண்டனில் இருக்கும் ஒருவரையா, அல்லது கொழும்புக்குப் போய்ப் படித்துவிட்டு வருவதா?

வைத்தியத் தொழிலில் இந்தக் கேள்வி எழுவதில்லை. மானிப்பாயில் 1848இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் டொக்டர் கிறீன் மாணவர்களைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே இங்கே வைத்தியம் பெரியவருக்குப் பக்கத்தில் நின்று பழகும் தொழில். இன்றும் மருத்துவ பீடத்திலிருந்து வெளியே வருபவர் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சியில் நிற்கிறார். இரவு 2 மணிக்கும் அழைக்க ஒரு நிபுணர் இருக்கிறார். நிர்வாகத்துக்கு அப்படி ஒரு வருடம் கிடையாது. சில வருட சேவை, ஒரு வெற்றிடம், ஒரு கடிதம், அவ்வளவுதான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பலர் நாட்டைவிட்டுப் போய்விட்டதில், மூத்தவர் ஒருவருக்குக் கீழே கொஞ்சக் காலம் பழகிவிட்டுப் பொறுப்பேற்பது இன்னும் அரிதாகிவிட்டது.

"நல்ல மனுசன், நிறையத் தெரிந்தவர்" என்று பார்க்கத் தொடங்கினால் எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள். ஆகவே இரண்டு சம்பவங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் உரசிப் பார்ப்போம். இரண்டும் கற்பனைதான். ஆனால் கந்தோரில் இருந்தவர்களுக்கு அவை புதிதாக இராது.

முதலாவது குளிர்பெட்டி. திங்கட்கிழமை காலை, ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. சனி இரவு கரண்ட் போய் வந்திருக்கிறது, ஆனால் தடுப்புமருந்துக் குளிர்பெட்டி திரும்ப ஓடவில்லை. வெப்பமானி 14 பாகை காட்டுகிறது. இருக்கவேண்டியது 2க்கும் 8க்கும் இடையில். 9 மணிக்குக் கிளினிக். தாய்மார் பிள்ளைகளோடு வாங்கில் வந்து இருந்தாயிற்று. வெப்பநிலைத் தாளை எடுத்துப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைக்கான இரண்டு கட்டங்களும் நிரப்பப்பட்டிருக்கின்றன. இரண்டிலும் 5. சனிக்கிழமை எழுதிய அதே பேனை, அதே கையெழுத்து.

இரண்டாவது ஓ.ரி., அதாவது மேலதிக நேரக் கொடுப்பனவு. ஒரு சிறிய வைத்தியசாலையின் பழைய ஊழியர், பொறுப்பு வைத்தியரைவிட இருபது வயது மூத்தவர். அவருடைய மேலதிக நேரப் படிவத்தில் அவர் நிற்காத இரவுகளும் இருக்கின்றன. படிவத்தை நீட்டும்போது சிரித்தபடி சொல்கிறார்: "தம்பி, உங்கட அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும்."

குளிர்பெட்டி அறிவைக் கேட்கிறது. எந்தச் சுற்றறிக்கை, எந்தப் படிவம், யாருக்கு முதல் அழைப்பு. ஓ.ரி. படிவம் வேறொன்றைக் கேட்கிறது: பயத்தை யாரிடமாவது சொல்லி, மனதைத் திடப்படுத்திக்கொண்டு திரும்பி வருவது. தொழிலிடத்து வழிகாட்டலை 1980களில் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் கேத்தி கிராம், வழிகாட்டி செய்யும் வேலையை இப்படித்தான் இரண்டாகப் பிரித்தார்: தொழிலில் முன்னேற உதவுவது ஒன்று, மனத்துக்குத் துணை நிற்பது மற்றது. இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம், செய்யாமலும் விடலாம்.

யாழ்ப்பாணத்தில் மூன்றாவதாக ஒன்றையும் பார்க்கவேண்டும். சொன்னது வெளியே போகுமா? இங்கே கிளாக்கரின் தங்கை மேற்றனின் (தாதியரின் தலைமைப் பொறுப்பாளர்) மருமகளாக இருப்பார். மேற்றனின் மகன் உங்களோடு ஹாட்லிக் கல்லூரியில் படித்திருப்பார். பருத்தித்துறையில் காலையில் கதைத்தது மத்தியானம் தெல்லிப்பழைக் கன்ரீனில் தெரிந்திருக்கும். 2024 ஜூலையில் சாவகச்சேரி வைத்தியசாலை நிர்வாகத்தைப் பற்றிய சர்ச்சை முகநூலிலும் தெருவிலும் எவ்வளவு கெதியாக வெடித்தது என்பதை எல்லோரும் பார்த்தோம். யார் சரி, யார் பிழை என்பது வேறு கதை. என் கணக்கில் இங்கே வழிகாட்டியைத் தெரிவுசெய்யும்போது, அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கு முன்னால் அவர் வாயை மூடிக்கொண்டிருப்பாரா என்று பார்க்கவேண்டும்.

மேலதிகாரி

முதலில் தோன்றுவது இவர்தான். மாகாணத்துக்குக் கீழே வேலை செய்பவருக்குப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அல்லது ஆதார வைத்தியசாலையின் வைத்திய அத்தியட்சகர், சிஸ்டருக்கு மேற்றன்.

குளிர்பெட்டி விடயத்தில் இவரை மிஞ்ச ஆளில்லை. எப்படியும் இவருக்குச் சொல்லியே ஆகவேண்டும். காலை 8.15க்கு அழைத்தால் அனுபவமுள்ள ஒருவர் சொல்வது நாலைந்து வசனம்தான். இன்றைக்கு அந்த மருந்தைத் தொடவேண்டாம், ஆனால் வீசவும் வேண்டாம். ஓடுகிற ஒரு பெட்டிக்கு மாற்றி, "பாவிக்கவேண்டாம்" என்று எழுதி ஒட்டித் தனியாக வையுங்கள். பிராந்தியத் தொற்றுநோயியலாளருக்குச் சொல்லுங்கள், எது உருப்படும் எது உருப்படாது என்பதை அவர் பார்ப்பார். போலியோச் சொட்டுமருந்து சூட்டைத் தாங்காது. ஹெப்பற்றைற்றிஸ் பி ஓரளவு தாங்கும், உறைந்தால்தான் கெட்டுப்போகும். கொண்டுவந்த தாய்மாருக்கு வேறு திகதி கொடுத்து அனுப்புங்கள். அப்புறம் அரச நிதி விதிகளில் நிதிப் பிரமாணம் 104 இருக்கிறது: அரச சொத்துக்கு இழப்பு என்றால் 7 நாளுக்குள் ஆரம்ப அறிக்கை, 3 மாதத்துக்குள் முழு அறிக்கை. இதை அறியாமல் "புது மருந்து வந்துவிட்டதே" என்று விட்டுவிட்டால், ஒன்றரை வருடம் கழித்து ஓடிற் (கணக்காய்வு) கேள்வியாக வந்து நிற்கும்.

ஆனால் அந்தத் தாளில் இருந்த இரண்டு 5? அதைப் புதியவர் உடனே சொல்லமாட்டார். தாளின் அடியில் மேற்பார்வைக் கையெழுத்து அவருடையது. சொன்னால் "நீர் இதுவரை பார்க்கவில்லையா" என்ற கேள்வி வரும். கேட்பவர் அவருடைய சம்பள ஏற்றப் படிவத்தில் கையெழுத்திடுபவர், இடமாற்றத்துக்குச் சிபாரிசு எழுதுபவர். மேலதிகாரி தங்கமான மனிதராக இருந்தாலும் இது மாறாது. கதிரை அப்படி. பாதி உண்மையோடு கேட்கப்பட்ட கேள்விக்குப் பாதிப் பதில்தான் வரும்.

ஓ.ரி. படிவத்துக்கு மேலதிகாரியிடமிருந்து இரண்டில் ஒன்று வரும். "வெட்டுங்கோ, ஓடிற் பிடிக்கும்" அல்லது "இப்ப விடுங்கோ, தொழிற்சங்கம் வரும்." இரண்டும் அவருடைய பக்கத்திலிருந்து நியாயமானவை. பொறுப்பு வைத்தியருக்கு வேண்டியிருந்தது வேறு: அந்த மனிதரை எந்த இடத்தில் வைத்து, யார் முன்னிலையில், என்ன வார்த்தையில் கேட்பது என்பது.

ஆகவே முதல் மூன்று மாதத்துக்கு மேலதிகாரியை நன்றாகப் பயன்படுத்துங்கள். மாதக் கூட்டம் முடிந்ததும் இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள், விதிமுறைக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். அதற்கு மேல் அவர்மீது சுமத்தவேண்டாம்.

ஓய்வு பெற்ற மூத்தவர்

என் தெரிவு பெரும்பாலும் இவர் பக்கம்தான், சில நிபந்தனைகளோடு.

அரச சேவையின் ஓய்வு வயது 60 என்று 2022இல் குறைக்கப்பட்டபோது, கோப்புகளை விரல் நுனியில் வைத்திருந்த ஒரு தலைமுறை நிர்வாக உத்தியோகத்தர்கள் ஒரேயடியாக வெளியே போனார்கள். வைத்தியர்களின் வயதெல்லை வழக்கு வம்பெல்லாம் கண்டு வேறு பாதையில் போனது. எப்படியோ, கோண்டாவிலிலும் கரவெட்டியிலும் இன்று வீட்டில் இருக்கும் இவர்களில் பலர், 1995 இடப்பெயர்வில் ஊரே நகர்ந்தபோது சேவையில் இருந்தவர்கள். 2006 ஓகஸ்டில் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டு மருந்து கப்பலுக்காகக் காத்திருந்த காலத்தில் களஞ்சியத்தைப் பார்த்தவர்கள். இருப்பதை எண்ணி, யாருக்கு முதலில் என்று முடிவெடுத்து, அந்த முடிவை முகத்துக்கு நேரே சொன்ன பழக்கம் அவர்களுக்கு உண்டு. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது தெற்கில் அதிர்ச்சியாக இருந்தது இவர்களுக்குப் பழைய வேலை.

ஓ.ரி. சம்பவத்தை இப்படியான ஒருவரிடம் கொண்டுபோனால் முதலில் கேட்பார்: "அவர் எந்தக் காலத்திலிருந்து அங்க நிக்கிறார்?" அப்புறம் சொல்வார்: அந்த மனிதர் போர்க்காலத்தில் ஆளில்லாத இரவுகளில் தனியாக விடுதி பார்த்தவராக இருக்கலாம், நிற்காத இரவுக்குக் காசு கேட்பது அவர் மனதில் பழைய கடனை வசூலிப்பது. அதற்காகக் கையெழுத்து வைக்க முடியாது. ஆனால் படிவத்தை எல்லோர் முன்னாலும் திருப்பி வீசினால் அடுத்த ஆறு மாதம் உங்கள் வைத்தியசாலை ஓடாது. மாலை 4 மணிக்கு மேல், கிளாக்கர் போன பிறகு கூப்பிடுங்கள். இருக்கச் சொல்லுங்கள். வரவுப் பதிவேட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டு, "அண்ணை, இந்த மூன்று நாளும் நீங்களே பாத்துத் திருத்தித் தாங்கோ" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

இதைக் கற்க எனக்குத் தெரிந்து வேறு இடமில்லை.

குறைகளும் உண்டு. முதலாவது, காலம் தாண்டிய அறிவு. பெறுகை விதிகள் மாறிவிட்டன, கடிதம் போன இடத்தில் மின்னஞ்சல் போகிறது, பழைய சுற்றறிக்கை இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்பவர் அது இரத்தானதை அறியாமல் இருக்கலாம். குளிர்பெட்டிக் கேள்விக்கு இவரை நம்பி இருக்கவேண்டாம். இரண்டாவது, "எங்கட காலத்தில" என்று தொடங்கினால் முக்கால் மணிநேரம் போய்விடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் ஆபத்து. சிலர் ஓய்வு பெற்றாலும் கதிரையை விடமாட்டார்கள். பழைய கிளாக்கருக்குப் போன் எடுத்து "புது டொக்டர் என்ன செய்கிறார்" என்று விசாரிப்பார்கள், உங்கள் ஊடாகப் பழைய கணக்குகளைத் தீர்ப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் சந்திப்பில் அவர் முன்பு வேலை செய்த இடத்தின் ஆட்களைப் பற்றிப் பெயர் சொல்லிக் குறை கூறுகிறாரா என்று பாருங்கள். கூறினால், நாளைக்கு உங்கள் பெயரும் அதே திண்ணையில் அடிபடும்.

அதனால்தான் ஓய்வு பெற்றவரை உங்கள் மாவட்டத்துக்கு வெளியே தேடச் சொல்கிறேன். வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இருந்து ஓய்வு பெற்றவருக்கும் இதே நிதிப் பிரமாணம், அரச ஊழியருக்கான இதே தாபன விதிக்கோவை, இதே தொழிற்சங்கம்தான். உங்கள் மேற்றனின் மருமகளை மட்டும் தெரியாது. கதை வெளியே போனாலும் போய்ச் சேர இடமில்லை. அநுராதபுரத்திலோ குருநாகலிலோ ஒரு சிங்கள மூத்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அமைச்சிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதத்தின் பொருளை மொழிபெயர்ப்பாளர் சொல்வார். அந்தக் கடிதம் ஏன் இப்போது வந்தது, பதில் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்பதை அவர்தான் சொல்வார்.

பெண்களுக்கு இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. இளம் பெண் அதிகாரி ஓய்வு பெற்ற ஆண் அதிகாரியின் வீட்டுக்கு மாதாமாதம் போனால் ஊர் வேறு கதை கட்டும். தொலைபேசி ஒரு வழி. அதைவிட நல்லது, ஓய்வு பெற்ற மேற்றன்மாரையும் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரிமாரையும் தேடுவது. ஒரு விடுதியில் முப்பது பேரின் கடமைப் பட்டியலை ஒருவரும் அழாமல் போட்டவர்கள் அவர்கள். "நான் டொக்டர், சிஸ்டரிடம் போய்க் கேட்பதா" என்ற எண்ணத்தை வைத்திய அதிகாரிகள் விட்டுவிட்டால், மாவட்டத்தில் வழிகாட்டிகளின் எண்ணிக்கை ஒரே நாளில் கூடும்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்

இதைப் பலர் யோசிப்பதில்லை. பெரியாஸ்பத்திரி, அதாவது போதனா வைத்தியசாலை, நேரடியாக மத்திய சுகாதார அமைச்சுக்குக் கீழே இருக்கிறது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளும் பிரதேச வைத்தியசாலைகளும் மாகாணத்துக்குக் கீழே. ஆகவே மாகாணத்தில் இருப்பவருக்குப் பெரியாஸ்பத்திரியின் ஒரு பிரதிப் பணிப்பாளர் மேலதிகாரி ஆகமாட்டார். அங்கே இருக்கும் பொறுப்புச் சிஸ்டருக்கு மாகாணத்தின் ஒரு மேற்றனும் அப்படியே. இன்றைய சுற்றறிக்கையும் தெரியும், உங்கள் படிவத்தில் கையெழுத்தும் இடமாட்டார், பஸ்ஸில் போய்வரும் தூரத்திலும் இருக்கிறார். குளிர்பெட்டிக்கும் ஓ.ரி.க்கும் ஓரளவு பதில் தரக்கூடிய ஒரே ஆள் இவர்தான்.

சிக்கல் இரண்டு. அவருக்கு நேரமே இராது. அடுத்தது, இடமாற்றம் வந்தால் நாளைக்கு அவரே உங்கள் மேலதிகாரியாக வரலாம், அப்போது நீங்கள் சொன்னதெல்லாம் அவர் மனதில் இருக்கும். நேரத்தைப் பற்றிய சிக்கல் பெரிது என்றே நினைக்கிறேன். மற்றதைச் சமாளிக்கலாம்.

சக நிர்வாகிகளின் வட்டம்

பிரித்தானியாவில் ரெஜ் ரெவன்ஸ் என்பவர் 1940களில் நிலக்கரிச் சுரங்க முகாமையாளர்களைச் சிறு குழுக்களாக இருத்தி, நிபுணர் விரிவுரை இல்லாமல் ஒருவர் பிரச்சினையை மற்றவர் கேள்வி கேட்டுத் துலக்கும் முறையைத் தொடங்கினார். 1960களில் லண்டன் மருத்துவமனைகளிலும் அதைச் செய்துபார்த்தார். நாலிலிருந்து எட்டுப் பேர் வரை, மாதம் ஒரு தடவை, ஒரு நேரத்தில் ஒருவருடைய பிரச்சினை. புத்திமதி தடை, கேள்வி மட்டும்.

இந்தக் கடைசி விதிதான் யாழ்ப்பாணத்தில் சரிவருமா என்பது என் சந்தேகம். ஒருவர் பிரச்சினையைச் சொல்லி முடிக்குமுன் "நீர் செய்யவேண்டியது என்னவென்றால்" என்று மூன்று பேர் தொடங்கிவிடுவோம். வட்டத்தை நடத்த ஒரு கண்டிப்பான ஆள் வேண்டும்; இல்லாவிட்டால் முதல் மாதம் பிரச்சினை, இரண்டாம் மாதம் சங்கக் கதை, மூன்றாம் மாதம் இடமாற்றப் பட்டியல், நாலாம் மாதம் ஆளே வராது.

நடந்தால் பயன் பெரிது. நெடுந்தீவு வைத்தியசாலையில் தனியே நிற்கும் வைத்தியரை நினைத்துப் பாருங்கள். குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணிநேரம். கடல் குழம்பினால் படகில்லை. நோயாளியை எப்போது அனுப்புவது, கடற்படையிடம் எப்போது கேட்பது, இருக்கும் இரண்டு மூன்று பேரோடு கடமைப் பட்டியலை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் நகரத்து மூத்தவருக்குக் கேள்விப்பட்ட விடயம். நயினாதீவிலும் அனலைதீவிலும் நின்றவருக்கு அது நேற்றுப் பட்ட பாடு. தீவகத்து வைத்தியர்களுக்கென்று தனியாக ஒரு வட்டம் இருந்தால், வேறு எந்த வழிகாட்டியையும்விட அதைத்தான் சொல்வேன். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனது போன்ற நேரங்களிலும், பக்கத்துச் சுகாதார வைத்திய அதிகாரி என்ன செய்கிறார் என்பதை அன்றன்றே அறிவது எந்த மூத்தவரின் ஞானத்தையும்விடக் கைகொடுக்கும்.

ஓ.ரி. படிவத்துக்கு வட்டம் பாதி உதவும். "எனக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார்" என்று நாலு பேர் சொன்னாலே பயத்தில் பாதி இறங்கிவிடும். என்ன செய்வது என்பது மிச்சம் இருக்கும், ஏனென்றால் மற்றவர்களும் செய்துபார்க்காதவர்கள். வெப்பநிலைத் தாளின் 5 போன்ற விடயத்தை வட்டத்தில் வைக்க நான் துணியமாட்டேன். இருப்பவர்களில் இருவர் அடுத்த வருடம் உங்களோடு ஒரே பதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

வைத்தியரையும் சிஸ்டரையும் பி.எச்.ஐ.யையும் ஒரே வட்டத்தில் இருத்துவதா? கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் வைத்தியர் கதைப்பார், மற்றவர்கள் "ஓம் சேர்" என்பார்கள். முதல் வருடம் தனித்தனியாக வைப்பதே நல்லது. இன்னொன்று: வட்ஸ்அப் குழு வட்டம் ஆகாது. அங்கே எழுதியதன் படம் எங்கெல்லாம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. மாதக் கூட்டத்துக்கு எல்லோரும் எப்படியும் நகரத்துக்கு வருகிறார்கள்; முடிந்ததும் ஒரு மணிநேரம் எங்காவது உட்கார்ந்தால் போதும்.

கடல் கடந்தவர்

லண்டனிலும் ரொறன்ரோவிலும் நம்மவர்கள் மருத்துவமனைகளில் பெரிய பொறுப்புகளில் இருக்கிறார்கள், உதவ மனமும் இருக்கிறது. இங்கே இரவு 9 மணி என்றால் லண்டனில் கோடையில் பிற்பகல் 4.30, குளிர்காலத்தில் 3.30. ஞாயிற்றுக்கிழமை சூமில் சந்திக்கலாம். இரகசியத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி குறைவு. கேட்கும் பயிற்சி பெற்றவர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள், குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு "உண்மையில் உமக்குப் பயம் எதில்?" என்று கேட்கத் தெரிந்தவர்கள்.

குளிர்பெட்டிக்கு இவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஓ.ரி.க்கு "மனிதவளப் பிரிவிடம் பாரம் கொடுங்கள்" என்பார். இங்கே மனிதவளப் பிரிவு என்பது நீங்களும் கிளாக்கரும்தான். அதோடு, பதினைந்து வருடத்துக்கு முன் விட்டுப்போன ஊரை மனதில் வைத்துக்கொண்டு பேசுபவர்களும் உண்டு. ஒரு குறிப்பிட்ட விடயத்துக்கு, ஆறு சந்திப்பு என்று எல்லை வைத்துக்கொண்டால் இது நல்ல வழி: கூட்டத்தை நடத்தப் பழகுவது, கோபத்தை ஆள்வது, பதவி உயர்வுக்குப் போவதா வேண்டாமா என்று யோசிப்பது. தினசரிக் கந்தோருக்கு வேண்டாம்.

கொழும்பில் படிப்பு

பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மருத்துவ நிர்வாக முதுமாணி இருக்கிறது. நிர்வாகத்தையே வாழ்க்கையாக எடுப்பவர் அதைச் செய்தே ஆகவேண்டும். அதற்குப் பிறகு வரும் தொடர்புகளும் பெறுமதியானவை. ஆனால் பரீட்சை எழுதி, தெரிவாகி, ஊரைவிட்டுப் போகவேண்டும். இந்தத் திங்கட்கிழமைக் குளிர்பெட்டிக்கு அது பதிலாகாது. சிஸ்டர்மாருக்கும் பி.எச்.ஐ.மாருக்கும் அந்தக் கதவு இல்லவே இல்லை.

யாருக்கு எது

எல்லோருக்கும் ஒரே விடை சொல்ல முடியாது. தீவகத்தில் நிற்பவருக்கு வட்டமும் தொலைபேசியில் ஒரு மூத்தவரும். சுகாதார வைத்திய அதிகாரிக்கு விதிமுறைக்குப் பிராந்தியப் பணிமனை, மனதுக்கு வெளிமாவட்டத்தில் ஓய்வு பெற்ற ஒருவர். விடுதிப் பொறுப்புச் சிஸ்டருக்கு, வேறு வைத்தியசாலையில் இருந்து ஓய்வு பெற்ற மேற்றன். தன் சொந்த மேற்றனை இதற்கு வைத்துக்கொள்ளவே வேண்டாம், கடமைப் பட்டியல் தகராறில் பாதி அவரோடுதான் வரும். ஆதார வைத்தியசாலையில் பதில் அத்தியட்சகராகப் போடப்பட்டவருக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கத்தில் ஒருவர் கட்டாயம், ஏனென்றால் அவருக்கு வரும் பிரச்சினைகள் கெதியில் ஊடகத்துக்குப் போகக்கூடியவை.

ஒருவரிடம் எல்லாவற்றையும் எதிர்பார்த்தால்தான் இந்த ஏற்பாடு உடைகிறது. கோப்புக்கு ஒருவர், மனதுக்கு ஒருவர் என்று இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள். மனதுக்கானவர் உங்கள் படிவம் எதிலும் கையெழுத்து இடாதவராக இருக்கட்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். "எனக்கு வழிகாட்டியாக இருங்கோ" என்று போய் நின்றால் பெரியவர் கூச்சப்படுவார், அல்லது பெருமைப்பட்டுப் பிரசங்கம் தொடங்குவார். ஒரே ஒரு பிரச்சினையைக் கொண்டுபோங்கள், ஆட்களின் பெயர் இல்லாமல், நோயாளி விபரம் இல்லாமல். அவர் சொன்னதைச் செய்துபார்த்துவிட்டு இரண்டு வாரத்தில் திரும்பப் போய் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். திரும்பி வந்து சொல்பவரைப் பெரியவர்கள் விடமாட்டார்கள். காசு கொடுக்க நினைக்கவேண்டாம், அது அவமரியாதையாகப் போய்விடும்.

ஒரு கட்டத்தில் இது முடியவேண்டும். கிராமும் தன் ஆய்வில், வளர்ந்துவரும் உறவு இரண்டிலிருந்து ஐந்து வருடத்தில் பிரிவுக்கு வரும் என்றும், பிரிவுக்குப் பின் நட்பாக மாறலாம் என்றும் கண்டார். நம் ஊரில் பிரிவைச் சொல்லத் தெரியாமல் இழுத்துக்கொண்டு போவோம்; அல்லது போனை எடுக்காமல் விட்டுவிடுவோம். இரண்டு வருடம் என்று தொடக்கத்திலேயே ஒரு சொல் சொல்லிவைத்தால் இருவருக்கும் இலகு.

பிராந்தியப் பணிமனையோ மாகாணத் திணைக்களமோ இதை ஒரு திட்டமாகச் செய்ய நினைத்தால் ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரியுங்கள், பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்து, பெண்களையும் தாதியரையும் சேர்த்து. தெரிவைப் புதியவரிடம் விடுங்கள். யார் யாரைச் சந்தித்தார், என்ன பேசினார்கள் என்று மாதாந்த அறிக்கை மட்டும் கேட்காதீர்கள். அந்த அறிக்கைப் படிவம் வந்த அடுத்த மாதமே புதியவர்கள் தங்களுக்குப் பிரச்சினை ஒன்றுமில்லை என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள்.